பாரிஸில் சிக்கனமாக ஒரு சாப்பாடு

மகனோ மகளோ வெளிநாட்டில் குடியேறிவிட்டதால் நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது ஐரோப்பாவுக்குப் போய் வருகிறார்கள். வந்தவர்களிடம் பாரிஸைப் பற்றிக் கேட்டால் ஈஃபல் கோபுரத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார்கள். அடுத்த வாக்கியம் ஹோட்டல் விலையைப் பற்றித்தான் இருக்கும். நாம் பென்ஷன்காரர்கள். யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காமல் நமக்கு அங்கே ஒரு வாய் காப்பி இறங்காது. ஆகவே மூன்று வேளையும் மகள் வீட்டு ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டு, பிரெஞ்சுச் சாப்பாடு பணக்காரர் சமாசாரம் என்ற முடிவோடு ஊர் திரும்புகிறோம்.

அந்த முடிவு சரியல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூலிக்காரரையும் குமாஸ்தாவையும் மனத்தில் வைத்தே ஏற்பட்ட ஒரு வகைச் சாப்பாட்டுக் கூடம் பாரிஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருந்துவருகிறது. அதற்குப் ‘பூயோன்’ என்று பெயர். 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நானும் மனைவியும் மகள் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். அப்போது அப்படிப்பட்ட கூடத்தில் நான்கு முறை சாப்பிட்டோம். மூன்று முறை பசிக்காகப் போனது. நான்காவது முறை, இவர்கள் இதை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போனேன். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவனுக்கு இந்தப் புத்தி போகாது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். பூயோன் என்றால் இறைச்சி, எலும்பு, காய்கறி எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்து இறுத்த சாறு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ‘ரெஸ்டாரன்ட்’ என்ற சொல்லும் முதலில் ஒரு சாற்றின் பெயர்தான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் உடம்புக்குத் தெம்பு கொடுக்கும் சாற்றை அப்படி அழைத்தார்கள். பிறகு அதை விற்ற கடைக்கும் அந்தப் பெயர் வந்தது. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று படித்தோமே, அதுதான். பூயோனும் அதே வழியில் கடையின் பெயராயிற்று.

இதை ஆரம்பித்தவர் துய்வால் என்ற கசாப்புக்கடைக்காரர். 1855 வாக்கில் பாரிஸின் நடுவே ‘லே ஆல்’ என்ற மாபெரும் மொத்தச் சந்தை இருந்தது. (அது 1969இல் ஊருக்கு வெளியே ரன்ஜிஸ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது.) நள்ளிரவில் மூட்டை இறக்கத் தொடங்கும் ஆட்களுக்கு விடியற்காலையில் சூடாக ஏதாவது வேண்டும். துய்வாலுக்கோ வேறு ஒரு கவலை. வசதி உள்ளவர்கள் நல்ல துண்டங்களை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கழுத்து, கால், எலும்பு ஆகியவை தேங்கும். தேங்கியதைக் கொதிக்கவைத்தார். கிண்ணம் நிறையச் சாறு, அதில் வெந்த இறைச்சி ஒரு தட்டு, விலை குறைவு. இரண்டு பேர் கஷ்டமும் ஒரே பானையில் தீர்ந்தது.

துய்வால் கடைகள் பல கிளைகளாகப் பெருகின. அங்கே நடந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே நுழையும்போதே வாடிக்கையாளர் கையில் அச்சடித்த ஓர் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். என்னென்ன வாங்குகிறாரோ அவற்றைப் பரிமாறும் பெண் அட்டையில் குறித்துக்கொண்டே வருவாள். வெளியே போகும்போது காசாளரிடம் அட்டையைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். பரிமாறுபவள் காசைத் தொட வேண்டியதில்லை. பரிமாறிய பெண்களுக்கு வெள்ளைக் குல்லாயும் வெள்ளை ஏப்ரனும் சீருடை. ரென்வார் என்ற புகழ்பெற்ற ஓவியர் அப்படி ஒரு துய்வால் பெண்ணை 1875 வாக்கில் வரைந்திருக்கிறார். அந்தப் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துய்வாலைப் பார்த்துப் பலர் கிளம்பினார்கள். 1900 வாக்கில் பாரிஸில் சுமார் 250 பூயோன்கள் இருந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிறகு மறைந்துவிட்டன. ஆரம்பித்த காலத்துத் தோற்றம் கலையாமல் இன்றும் சாப்பாடு போடுகிற ஒன்று, 1896இல் ஷார்த்தியே சகோதரர்கள் திறந்த ‘பூயோன் ஷார்த்தியே’. நாங்கள் முதலில் போனது அங்கேதான்.

போவதற்கு முந்தைய தினம் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரிய சாலை ஒன்றில் கால் வலிக்கிறதே என்று ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு காப்பி, ஒரு பாட்டில் தண்ணீர், இலைதழை போட்ட ஒரு தட்டு. பில் 37 யூரோ. என் மனைவி மனக்கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. “தண்ணிக்கே ஐந்நூறு ரூபாயாங்க?” என்று கேட்டவள், அதன் பிறகு வெளியே எதையும் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். கைப்பையில் பிஸ்கட் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் பார்க்கக் கிளம்பினாள். “அப்பா, ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிறகு உங்கள் இஷ்டம்” என்று மகள் முகவரி எழுதிக் கொடுத்தாள்.

தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டடத்தின் வாசல் வழியாக உள்முற்றத்துக்குள் போக வேண்டும். முற்றத்தின் கோடியில் சுழல்கதவு. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். கண்ணாடி போட்ட உயரமான கூரை. சுற்றிலும் பெரிய நிலைக்கண்ணாடிகள், மரப்பலகை வேலைப்பாடு, உருண்டை விளக்குகள், மேலே ஒரு மாடித்தளம். மேஜைகளுக்கு மேலே பித்தளைக் கம்பிகளால் ஆன தட்டு. தொப்பியும் கோட்டும் வைப்பதற்கானது அது. ஆனால் நம் பழைய முதல் வகுப்புப் பெட்டியின் சாமான் தட்டை அப்படியே கழற்றிக்கொண்டு வந்து மாட்டியது போலிருக்கிறது. ஓரத்தில் சிறிய இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் எண். தினமும் சாப்பிட வருபவர்கள் தங்கள் துணிக் கைத்துண்டை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். ஒரு சுவரில் பெரிய ஓவியம். ஜெர்மோன் என்ற ஓவியர் 1929இல் சாப்பாட்டுக் கடனைத் தீர்க்க வரைந்து கொடுத்தது என்கிறார்கள். இந்தக் கூடத்தை 1989இல் பிரெஞ்சு அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

இந்த இடத்தில் சொந்தக் கதை கொஞ்சம். பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில் கேன்டீனைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. தகரக் கொட்டகை, மே மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் சோறு தானாகவே இன்னொரு தடவை வேகும். கூரையில் வெளிச்சமும் காற்றும் வர உயர்த்தி ஒரு அமைப்பு, சுவருக்கு வெள்ளை ஓடு என்று மதிப்பீடு போட்டு அனுப்பினேன். “சாப்பிட்டுவிட்டுப் போகத்தானே வருகிறார்கள்?” என்று ஒரு வரி எழுதி மேலிடத்தில் அதை வெட்டிவிட்டார்கள். குறைந்த விலையில் சாப்பிடுகிறவனுக்கு அழகான இடம் எதற்கு என்பது நம் ஊரில் யாரும் வாதாடாமலே ஒப்புக்கொண்ட கொள்கை. 1896இல் மூட்டை தூக்குகிறவனும் தையல்காரியும் உட்காரப்போகும் கூடத்துக்கு இப்படிக் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்களே என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பரிமாறுபவர் முதுகில் லேசாகத் தட்டி நகரச் சொன்னார்.

அங்கே நிற்கக் கூடாது. எத்தனை பேர் என்று கேட்பார்கள். விரலைக் காட்டினால் விறுவிறுவென்று அழைத்துப் போய் இடம் காட்டுவார்கள். தனி மேஜை வேண்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் இருவரும் நால்வர் மேஜையில், முன்பின் தெரியாத இன்னொரு தம்பதியோடு. சாமான் தட்டும் எதிர் இருக்கைக்காரரும் சேர்ந்துகொண்டதும் எனக்கு ரயிலில் ஏறியது போலவே ஆகிவிட்டது. பத்து நிமிஷத்தில் அந்த அம்மாள் தன் ரொட்டிக் கூடையை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

பரிமாறுபவர்கள் கறுப்பு அரைக்கோட்டும் நீண்ட வெள்ளை ஏப்ரனும் அணிந்திருக்கிறார்கள். மேஜைமேல் விரித்திருப்பது காகிதம். நாம் சொல்வதை அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக்கொள்கிறார். சாப்பிட்டு முடிந்ததும் அதே இடத்தில் விலைகளைப் போட்டு, நம் கண்ணெதிரே கூட்டி, அடியில் கோடு இழுக்கிறார். பிரெஞ்சில் பில்லுக்குச் சொல்லே ‘அதிசியோன்’, அதாவது கூட்டல். தலைகீழாக உட்கார்ந்திருந்தாலும் என் மனைவி அவருக்கு முன்பே கூட்டி முடித்துவிட்டாள்.

சாப்பாட்டு வரிசை மூன்று கட்டம்: தொடக்கம், நடுத் தட்டு, இனிப்பு. நான் முட்டை மயோனேஸில் தொடங்கினேன். வேகவைத்த முட்டை, மேலே கெட்டியான மயோனேஸ், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த எளிய தட்டின்மேல் வைத்திருக்கும் பாசம் வேடிக்கையானது. இதைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் நடத்துகிறார்கள். நடுத் தட்டில் மாட்டிறைச்சி வகைகள்தான் பிரசித்தம். அது எனக்கு வழக்கமில்லாததால் கோழி வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் சொன்னேன். கடைசியில் சாக்லேட் குழம்பு ஊற்றிய பிராஃபிதரோல்.

மனைவி சைவம். அவள் பாடுதான் நம் வாசகர்களுக்கு உபயோகப்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். நடுத் தட்டைத் தேடாமல் தொடக்கப் பகுதியிலும் துணைக் காய்களிலும் ஒரு சாப்பாட்டைச் சேர்த்துக்கொண்டாள். துருவிய கேரட்டில் எலுமிச்சை பிழிந்தது, வெங்காயத்தாளுக்கு அண்ணன் போலிருக்கும் லீக் என்ற தண்டை வேகவைத்துக் காடியும் எண்ணெயும் ஊற்றியது, பீன்ஸ், ரொட்டி, முடிவில் செஸ்நட் கொட்டையை அரைத்த இனிப்புக் கூழின்மேல் அடித்த பாலேடு. இந்தக் கடைசி ஐட்டத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவள் விடவில்லை. எச்சரிக்கைகளும் உண்டு. சூப் காய்கறி சூப்பாகத் தோன்றினாலும் மாமிசச் சாற்றில் செய்திருக்கலாம்; கேட்காமல் வாங்கக் கூடாது. கீரை சாலட்டில் ‘லார்தோன்’ என்ற சொல் இருந்தால் அது பன்றிக் கொழுப்புத் துண்டு. செலரிக் கிழங்கைத் துருவிப் போடும் சாலட்டில் மயோனேஸ், அதாவது முட்டை, உண்டு. பாலாடைக்கட்டியை உறையவைக்கப் பல இடங்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் போடுகிறார்கள். கண்டிப்பானவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். ‘ஸான் வியாந்த், ஸான் புவாஸோன்’ (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

இருவருக்கும் சேர்த்து 33 யூரோ சொச்சம். முந்தைய நாள் காப்பியைவிடக் குறைவு. ரொட்டிக்கும் தண்ணீருக்கும் தனிக் காசு கிடையாது. இது இந்தக் கடையின் தர்மம் மட்டுமல்ல. பிரான்ஸில் சாப்பாட்டின் விலையிலேயே ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் அடக்கம். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வரும். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், பில்லும் வரும். குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் என்பதைக் கடைக்காரர்கள் எழுதிக் காட்ட வேண்டும் என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. பரிமாறும் கட்டணமும் 1987 முதல் போட்ட விலைக்குள் அடக்கம். டிப்ஸ் நம் இஷ்டம்.

இனி, இது எப்படிக் கட்டுப்படியாகிறது? கடைக்காரர்களே சொல்லும் கணக்கு, ஆரம்பம் முதல் 5 கோடிச் சாப்பாடு. இப்படிப்பட்ட பெரிய எண்ணைப் பார்த்தால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. சுமார் 125 வருஷம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 4 லட்சம், நாளொன்றுக்கு 1,100. கூடத்தில் 300 பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். ஆக ஒவ்வொரு நாற்காலியும் தினமும் மூன்றரை முறை நிரம்ப வேண்டும். நம்பக்கூடிய கணக்குத்தான்.

ரயில்வேயில் வேகன் சுற்று என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு வேகன் சரக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்பது. வேகன் யார்டில் நின்றால் காசு கிடையாது. நாற்காலியும் அப்படியே. பிரான்ஸில் சாதாரண ஹோட்டல் மதியம் இரண்டு மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம் திறந்திருக்கும்; மற்ற நேரமெல்லாம் நாற்காலி யார்டில் நிற்கிறது. வாடகை மட்டும் ஓடும். ஷார்த்தியே காலை பதினொன்றரைக்குத் திறந்து நடுராத்திரி வரை இடைவெளியில்லாமல் போடுகிறது. தெரியாதவர்களை ஒரே மேஜையில் உட்காரவைப்பது, காகித விரிப்பு, மேஜையிலேயே பில், எல்லாம் சுற்றைச் சுருக்கும் உபாயங்கள். நான்காவது முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மேஜை எழுந்ததற்கும் அடுத்தவர்கள் உட்கார்ந்ததற்கும் நடுவே இரண்டு நிமிஷம் தாண்டவில்லை. காகிதத்தைச் சுருட்டு, புதிதை விரி, கண்ணாடித் தம்ளரை வை, தீர்ந்தது.

ஆனால் சுற்று மட்டும் காரணமல்ல, பட்டியலைப் பாருங்கள். பாரிஸில் விலை உயர்ந்த சரக்கு மனிதனின் கைநேரம். உயர்ந்த இறைச்சித் துண்டத்தை, கேட்ட பிறகு, ஒருவர் அடுப்பின் முன் நின்று நிமிஷக் கணக்கில் பதம் பார்த்து வாட்ட வேண்டும். மட்டத் துண்டம் அப்படியல்ல. அதில் தசையைக் கட்டியிருக்கும் நார், மெல்லிய சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் கரைந்து ஜெலட்டினாகிக் குழம்புக்கு வழவழப்பு கொடுக்கும். நேரம் வேலை செய்கிறது. ஆள் வேலை செய்ய வேண்டியதில்லை. அறுபது பேருக்கு ஒரே அண்டாவில் முன்கூட்டியே செய்துவைக்கலாம், கேட்டதும் கரண்டியால் எடுத்துப் போடலாம். வேகவைத்த முட்டை, துருவிய கேரட், எண்ணெயில் ஊறிய மீன், லீக் தண்டு எல்லாம் இதே ரகம். பிரெஞ்சு வீடுகளில் பாட்டிமார் சமைத்ததும் இவைதான். பழைய பாணிச் சாப்பாடு பழமைக்காக மட்டும் அங்கே நிலைக்கவில்லை. சிக்கனமாக இருப்பதால் நிலைத்திருக்கிறது.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். அமிர்தம் என்று சொன்னால் பொய். என் கோழி ஒரு நாள் நன்றாக இருந்தது, மற்றொரு நாள் கொஞ்சம் வறண்டிருந்தது. பீன்ஸ் குழைந்துவிட்டது. பரிமாறுபவர் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்கவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. பிரெஞ்சுச் சமையலின் சிகரத்தைத் தேடுபவர்கள் இங்கே வர வேண்டாம். சுற்றுலாக்காரர்கள் கூட்டமும் அதிகம். நாங்கள் இருவரும் அதில் சேர்த்திதானே. இழுப்பறையில் கைத்துண்டு வைத்த காலத்து வாடிக்கையாளர்கள் இப்போது குறைவு என்பதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

அதற்கு ஆறுதல் இல்லாமல் இல்லை. 2017இல் பிகால் பகுதியிலும், 2021இல் ரெபுப்ளிக் சதுக்கத்தருகிலும் புதிய நிர்வாகத்தார் புதுப் பூயோன்களைத் திறந்திருக்கிறார்கள். ஷார்த்தியேயும் மோன்பார்னாஸில் ஒன்று, கிழக்கு ரயில் நிலையத்தருகே ஒன்று என்று கிளை பரப்பியிருக்கிறது. பிகாலில் நான் பார்த்த நீண்ட வரிசையில் முக்கால்வாசி உள்ளூர் இளைஞர்கள். அலுவலகச் சம்பளத்தில் நகரத்துக்குள் மூன்று கட்டச் சாப்பாடு கிடைக்கிற இடம் என்று மாப்பிள்ளை சொன்னார். இதற்கு நேர் எதிரான ஓர் இடத்தையும் பார்த்தேன்: லியோன் ரயில் நிலையத்தின் மாடியிலுள்ள ‘ல த்ரேன் ப்ளே’. 1901இல் ரயில் கம்பெனி கட்டிய உணவகம். கூரை முழுதும் ஓவியம், தங்க முலாம். ரயில்வே பாசத்தில் மாடிப்படி ஏறினேன். வாசலில் விலைப்பட்டியலைப் படித்தேன். இறங்கிவிட்டேன்.

போக விரும்புபவர்களுக்கு: மெட்ரோ 8 அல்லது 9ஆம் தடத்தில் ‘கிராண்ட் புல்வார்’ நிலையத்தில் இறங்கி, ஃபோபூர் மோன்மார்த்ர் தெரு, கதவெண் 7. பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் வரிசை குறைவு. உள்ளே போனதும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’ ஆக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் காது கேட்காது. சாப்பாடு மூன்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுவது நல்லது. முழங்கால் வலிக்காரர்கள் மாடித்தளத்தில் இடம் காட்டினால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். கீழே நாற்காலி எப்படியும் இரண்டு நிமிஷத்தில் காலியாகும்.